தொண்ணூற்றாறுக்கு அப்புறம் நூற்றைந்து

போன வாரம் நான் சைக்கிளோடு கால்வாயில் இறங்கிய கதையைப் படித்துவிட்டு, பழைய மாணவிகள் நாலைந்து பேர் போன் போட்டுச் சிரித்தார்கள். பீட்டி டீச்சர் விழுந்தாள் என்றால் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். வெயிலில் கிரவுண்டைச் சுற்ற விட்டேனே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சிரித்துக்கொள்ளட்டும். இந்த வாரம் நான் விழவில்லை. விழாமல் இருப்பதற்காகப் பண்ணிய அழிச்சாட்டியம்தான் கதை.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி ஹால். காது குத்து, வளைகாப்பு, சீட்டு ஏலம் எல்லாம் அங்கேதான் நடக்கும். அன்றைக்குப் புத்தக வெளியீடு. மேடையில் என் வீட்டுக்காரர் ஏற்புரை ஆற்றிக்கொண்டிருக்கிறார். கஞ்சி போட்ட வேட்டி முட்டிக்குக் கீழே பலகை மாதிரி நிற்கிறது. கழுத்தில் சந்தன மாலை. கையில் அவரே எழுதி, அவரே காசு போட்டு அச்சடித்த புத்தகம்: 'தாழ்ந்த நாட்டில் தருமபுரிக்காரன்'.

நான் மேடையில் இல்லை. சுவரோரம், மைக் செட்டின் வயர் சொருகியிருந்த சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். முதல் வரிசையில் எங்கள் சம்பந்தியம்மாள் மாதம்மாள், மயில் கழுத்துப் பட்டுப் புடவையில், மடியில் முதல் பிரதியோடு உட்கார்ந்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "பதினோராவது அத்தியாயத்துல எங்க மாப்பிள்ளையோட அன்றாட அலுவல்களைப் பத்தி நான் நேரில் கண்டபடிக்கு..." என்று ஆரம்பித்தார்.

நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

போகாமலே பார்த்த ஊர்கள்

ஏன் பிடுங்கினேன் என்று சொல்ல வேண்டுமானால், இவருக்குப் பிடித்த நோயிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இவர் பாலக்கோடு தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிலம் அளந்த ரிப்போர்ட், ஆக்கிரமிப்பு ரிப்போர்ட், மரம் வெட்டிய ரிப்போர்ட் என்று வாழ்நாள் பூராவும் எழுதினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கையில் நூலகத்துப் புத்தகம் இருக்கும். அதுவும் ஒரே வகைதான். வெளிநாடு போய் வந்தவர்கள் எழுதிய புத்தகம். அமெரிக்காவில் ஆறு மாதம், ஐரோப்பாவில் இருபது நாள், மகன் வீட்டில் ஒரு கோடை என்று அலமாரியில் ஒன்று விடாமல் படித்துவிட்டு, நூலகரிடம் புதுசு எப்போது வரும் என்று நச்சரிப்பார்.

அவர் அதுவரைக்கும் போன ஒரே வெளியூர் பெங்களூரு. அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. தாலி கட்டி முடிந்ததும் தலைவலி என்று கிளம்பி வந்துவிட்டார். ஆனால் லண்டனில் எந்தப் பாலத்தில் காற்று ஜாஸ்தி என்று கேட்டால் சொல்லுவார்.

நான் களி கிண்டிக்கொண்டிருப்பேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுவார். களி கிண்டுகிறவள் எழுந்து ஓட முடியாது என்று அவருக்குத் தெரியும். அப்படிக் கேட்டுக் கேட்டே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. இந்தப் புத்தகமெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். முதலில் விமானத்தில் பெல்ட் போடத் தெரியாமல் முழிப்பார். அப்புறம் தானாக ஓடும் படிக்கட்டு. அப்புறம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி பார்த்துச் சிரிப்பாள், அதற்கு ரெண்டு பக்கம். தெருவில் குப்பை இல்லை என்பதற்கு மூணு பக்கம். தொலைந்துபோன பர்ஸ் பத்திரமாகத் திரும்பி வரும். கடைசி வரியில், என்ன இருந்தாலும் நம்ம ஊர் மாதிரி வருமா என்று ஒரு பெருமூச்சு. நம்ம ஊர் அவ்வளவு நல்லா இருந்தால் ஏனய்யா அங்கே போய் ஆறு மாதம் உட்கார்ந்தாய் என்று கேட்கத் தோன்றும்.

ஒரு தடவை கேட்டும் விட்டேன். "ஏங்க, இத்தனை பேர் போய்ட்டு வந்து எழுதியிருக்காங்களே, அந்த ஊர்ல பாத்திரம் யார் தொலக்கறாங்கன்னு ஒருத்தராவது எழுதியிருக்காங்களா?"

"அதெல்லாம் இலக்கியத்துல வராது" என்றார்.

கால்வாய்க்குச் சக்குபந்தி

எங்கள் மகள் சுதா நெதர்லாந்தில், அதாவது இவர் தலைப்பில் வருகிற தாழ்ந்த நாட்டில், தண்ணீர் சம்பந்தப்பட்ட ஒரு கம்பெனியில் இருக்கிறாள். மாப்பிள்ளை பிரபு கம்ப்யூட்டர். பெண் குழந்தை பிறந்தபோது, மூணு மாத விசாவில் எங்களைக் கூப்பிட்டார்கள். பிள்ளை பார்த்துக்கொள்ள நான். இவர் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஜோடியாகத்தான் அனுப்புவது வழக்கம்.

வாழ்நாள் கனவு பலித்த மனுஷன் என்ன பண்ணியிருக்க வேண்டும்? ஊர் சுற்றியிருக்க வேண்டும். இவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வெளியே குளிர், காற்று, போதாததற்கு நாலு பக்கமும் சைக்கிள். புத்தகத்தில் பார்த்த ஐரோப்பாவில் காற்று அடித்தாலும் குளிராதாம். எழுத்து அட்டையில் ஏ-ஃபோர் தாளைச் செருகி, அன்றிலிருந்தே எழுத ஆரம்பித்துவிட்டார்.

எழுதினாரே ஒழிய, கை தாலுகா ஆபீசுக் கைதான். நிலத்துக்கு நாலு பக்க எல்லை எழுதுவார்களே சக்குபந்தி, அது இல்லாமல் அவருக்கு ஒரு ஊரைப் பற்றிப் பேச வராது. முதல் அத்தியாயம் இப்படி ஆரம்பிக்கும்: 'மேற்படி ஊருக்குக் கிழக்கே கால்வாய், மேற்கே ரயில் பாதை, வடக்கே மாட்டுப் பண்ணை, தெற்கே மீண்டும் அதே கால்வாய்.' பனி பற்றி ஒரு பாரா உண்டு. 'பனி பெய்கிறதா என்று விசாரித்ததில், சென்ற ஆண்டு பெய்ததாக அண்டை வீட்டார் வாய்மொழியாகத் தெரிவித்தனர்.' வாத்துகள் கால்வாய்க் கரையை ஆக்கிரமித்திருப்பதாகவும், அதற்கு எவரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்றும் ஒரு குறிப்பு. நான் சைக்கிளோடு கால்வாயில் விழுந்ததுகூட 'ஒரு நபர் தவறி இறங்கிய சம்பவம்' என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. அந்த நபருக்கு அன்றைக்கு ராத்திரி காய்ச்சல்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்து அலுத்துப்போய், ஒரு நாள் நாற்காலியை உள்பக்கம் திருப்பிப் போட்டார். அங்கேதான் பிடித்தது சனி.

வீட்டுக்குள்ளே பிரபு இருந்தார். அந்த ஊரில் குழந்தை பிறந்தால் அப்பனுக்கும் லீவு கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை அந்த லீவில் பம்பரமாகச் சுற்றுவார். குழந்தைக்குத் துணி மாற்றுவார், பாத்திரம் துலக்குவார், கக்கூஸ் கழுவுவார், சுதாவுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவார். நான் வேலையைத் தேடித் தேடிப் போவேன், அது ஏற்கனவே முடிந்திருக்கும். பிள்ளை பார்க்கப் போன நான், சும்மா இருக்க முடியாமல்தான் சைக்கிள் கற்றுக்கொள்ளக் கிளம்பினேன்.

இவர் இதையெல்லாம் பார்த்தார். பதினோராவது அத்தியாயம் உருவானது. தலைப்பு, 'மருமகனின் அன்றாட அலுவல்கள்: ஒரு நேரடி ஆய்வு'. அதில் மாப்பிள்ளை செய்யும் வேலை ஒவ்வொன்றும் ஒப்பமிட்ட சாட்சியம் மாதிரி வரும். கிரயப் பத்திரத்தில் எழுதுவார்களே, அந்த வாசகமும் வந்துவிட்டது: 'இவ்வேலைகள் அனைத்தையும் மேற்படியார் எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனச் சம்மதத்துடன், சுயநினைவோடு செய்து வருகிறார்.' கடைசியில் மாப்பிள்ளை வைத்த மிளகு ரசம். 'மேற்படி ரசத்தைத் தணிக்கை செய்ததில் குறை ஏதும் காணப்படவில்லை.'

ஒரு குறை இருந்தது, எனக்கும் தெரியும். ஆனால் மாப்பிள்ளை கையால் வைத்த ரசத்தில் போய் யார் குறை சொல்லுவது? ரெண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ரெண்டு தாய், ரெண்டு பொய்

இதில் என்ன வம்பு என்று கேட்பீர்கள். வம்பு கடத்தூரில் இருந்தது.

கடத்தூரில் இருக்கும் மாதம்மாள்தான் எங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவர். பிரபு சின்னப் பையனாக இருந்தபோதே வீட்டுக்காரர் தவறிவிட்டார். பூவும் காயும் விளைகிற காட்டையும் பையனையும் ஒண்டியாகப் பார்த்துக்கொண்ட பொம்பளை. விடிவதற்கு முன்னாலேயே பூவையும் காயையும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய், வெயில் ஏறி வீடு திரும்புவார். பேச்சு ரெண்டு வார்த்தை. பார்வை நாலு வார்த்தை. முப்பது வருஷம் விசில் ஊதிய நானே அவர் எதிரில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "எம் பையனுக்குச் சமையக்கட்டு எந்தப் பக்கம்னே தெரியாதுங்க. ஒரு டம்ளரக் கூட நவுத்தி வெக்க மாட்டான்." பையனைப் பெருமையாகச் சொல்வது அப்படித்தான்.

நானும் சளைத்தவளா? எம் பொண்ணுக்கு ஒரு நாள் சமைக்காவிட்டால் கை நமநமவென்று இருக்கும் என்று ஒரு போடு போட்டேன். சுதாவுக்கு அப்போது டீ போடத் தெரியாது. கோ-கோ நல்லா ஆடுவாள். உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து அவள் இருமியது இன்னும் காதில் இருக்கிறது.

அப்படிக் கட்டிய கல்யாணம். கட்டிய நாளிலிருந்து, அவள் சமைக்க மாப்பிள்ளை உட்கார்ந்து சாப்பிடுவதாகத்தான் கடத்தூரில் ஐதீகம். மாமியார் வீடியோ கால் போட்டால் பிரபு கையில் இருக்கும் கரண்டி சுதா கைக்கு மாறிவிடும். ரிலே ரேசில் கூட அவ்வளவு சுத்தமாகக் கை மாறி நான் பார்த்ததில்லை.

இப்போது முறை வாசலைச் சொல்ல வேண்டும். நம்ம பக்கத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் இதுதான் நடைமுறை. முதல் மூணு மாதம் பெண் வீட்டார் முறை, அடுத்த மூணு மாதம் பையன் வீட்டார் முறை. நாங்கள் திரும்பி வந்ததும் மாதம்மாள் போக வேண்டும். விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது. மாப்பிள்ளை லீவு முடியப் போகிறது. சுதாவுக்கு அது புது வேலை, சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குழந்தைகள் காப்பகத்தில் இடத்துக்கு வரிசையில் நிற்க வேண்டுமாம். மாமியார் வந்தால்தான் அவள் வேலைக்குத் திரும்ப முடியும்.

மாமியாருக்கோ ஆரம்பத்திலிருந்தே போக மனசில்லை. காட்டை யார் பார்ப்பது, தனியாக எப்படி பிளேன் ஏறுவது என்று காரணம் தேடிக்கொண்டிருந்தார். பிரபு கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தார்.

இந்த நேரம் பார்த்து இவர் புத்தகம் அச்சாகி வந்தது. அங்கே இருக்கும்போதே எழுதிய தாளையெல்லாம் போட்டோ எடுத்து தருமபுரி அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார், கமுக்கமாக. நாங்கள் ஊர் வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் கட்டுக் கட்டாக வந்து இறங்கிவிட்டது. பெருமை தாங்காமல் மகளுக்கும் பி.டி.எப். அனுப்பினார்.

மறுநாள் சுதா என்னைக் கூப்பிட்டாள். குளியலறைக்குள் இருந்து, தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசினாள்.

"அம்மா, அத்தை பதினோராவது அத்தியாயத்தைப் படிச்சாங்கன்னா வரவே மாட்டாங்கம்மா. எம் பையனை வேலைக்காரனா வெச்சிருக்கியான்னு கேப்பாங்க. நான் வேலைய விட்டுட்டு வூட்ல உக்காந்துக்க வேண்டியதுதான்."

அவள் அழுதாள். விளையாட்டில் முட்டி பேர்ந்தபோதுகூட அழாத பெண்.

பிளேடு

முதலில் இவரிடம்தான் கேட்டேன். அந்த ஒரு அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். உண்மைதானே எழுதியிருக்கிறேன் என்றார். உண்மைதான், அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன் என்றேன். பதிவேட்டில் ஏறியதை அடிப்பது குற்றம், வேண்டுமானால் நானே கடத்தூர் போய் சம்பந்தியம்மாளுக்கு விளக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினார். கையைக் காலைப் பிடித்து உட்கார வைத்தேன்.

சரி, சம்பந்தி வீட்டுக்குப் புத்தகமே கொடுக்காமல் விட்டால்? அதற்கும் வழியில்லை. நம்ம வழக்கத்தில் எந்த விசேஷமானாலும் முதல் மரியாதை சம்பந்திக்கு. புதுமனை புகுவிழா பத்திரிகையில் அவர் பெயரை ரெண்டாவதாகப் போட்டதற்கே ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் இவர் முன்கூட்டியே கடத்தூர் போய், வெற்றிலை பாக்கு பழத்தோடு அழைத்து, முதல் பிரதியை நீங்கள்தான் மேடையில் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வேறு வழி தெரியவில்லை. இவர் மத்தியானம் சாப்பிட்டுக் குறட்டை விடுகிற நேரமாகப் பார்த்து, கடத்தூர்க்காரர்களுக்கு என்று ஒதுக்கிய கட்டைப் பிரித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, புது பிளேடு எடுத்து, மேடையில் கொடுக்கப் போகிற முதல் பிரதி உட்பட ஒவ்வொரு புத்தகத்திலும் பதினோராவது அத்தியாயத்தை முதுகோரமாகக் கீறி எடுத்தேன். நாலு நாலு தாள். கோழி உரிக்கிற மாதிரிதான், பழகிவிட்டால் கை தானாகப் போகிறது.

எடுத்த தாளை எங்கே போடுவது? குப்பையில் போட்டால் இவர் கிளறுவார். ஆபீசுப் பழக்கம், எழுதிய தாள் ஒன்று வெளியே போக விடமாட்டார். சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்குக் கீழே தாள் மாற்ற வேண்டியிருந்தது. துவரம் பருப்புக்கு அடியில் கொஞ்சம், கேழ்வரகு மாவுக்கு அடியில் கொஞ்சம் என்று விரித்துவிட்டேன். சமையலறையில் அவர் எட்டிப் பார்த்தது கிடையாது. அங்கே மாப்பிள்ளையை ஆய்வு செய்ததோடு சரி.

இதில் கூத்து என்னவென்றால், தாளை விரிக்கும்போது மறுபடி ஒரு தடவை படித்தேன். சக்குபந்தியும் வாத்தும் போகட்டும், புத்தகத்திலேயே உருப்படியான அத்தியாயம் அதுதான். நான் அன்றைக்குக் கேட்டேனே, அந்த ஊரில் பாத்திரம் துலக்குவது யார் என்று, அதற்குப் பதில் எழுதிய ஒரே எழுத்தாளர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இருந்தாலும் மகள் அழுதது முன்னால் வந்து நின்றது. உளுந்து டப்பாவை எடுத்து மேலே வைத்தேன்.

மைக் மட்டும் செத்தது

இனி மறுபடி அந்த மாடி ஹாலுக்கு வாருங்கள்.

சிறப்பு விருந்தினர் ஒரு ஓய்வு பெற்ற பேராசிரியர். புத்தகத்தை அவர் திறக்கவே இல்லை. அட்டையைத் தடவிக்கொண்டே, தான் சிங்கப்பூர் போய் வந்த கதையை மூச்சு விடாமல் சொன்னார். என் வயிற்றில் பால் வார்த்தார் புண்ணியவான். பாராட்டுரை சொன்ன மற்ற ரெண்டு பேரும் முன்னுரையைத் தாண்டவில்லை. வெளியீட்டு விழாவில் புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிற வழக்கம் நம்மிடம் இல்லாதது எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் பிரதியை வாங்கிய மாதம்மாளை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்துச் சங்கடப்பட்டு, "எனக்குப் பேச வராதுங்க. படிச்சிட்டுச் சொல்றேன்" என்று உட்கார்ந்துவிட்டார். கை தட்டினார்கள். நான் சுவிட்ச் போர்டுப் பக்கம் நகர்ந்தேன்.

அப்புறம்தான் இவர் ஏற்புரை. அத்தனை அத்தியாயம் இருக்க, பதினொன்றில் போய் நின்றார். நான் பிளக்கைப் பிடுங்கினேன். இவர் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. நான் முன்னால் வந்து, கரண்ட் போயிடுச்சு, எல்லாரும் சாப்பிட வாங்க என்று கிரவுண்டில் கத்துகிற குரலில் கத்தினேன். என் குரலுக்கு மைக் எப்போதும் தேவைப்பட்டதில்லை. கூட்டம் கேசரியை நோக்கி எழுந்தது.

மாதம்மாள் மட்டும் எழவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

கடத்தூர் பஸ்

அதற்கப்புறம் பேச்சு மூச்சு இல்லை. சுதா தினமும் கேட்பாள், அத்தை ஏதாவது சொன்னாங்களா என்று. இல்லை என்பேன். பயண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளிநாடு போகவில்லை என்று அவரிடமிருந்து போன் வரப் போகிறது என்று, ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஓடிப்போய் எடுப்பேன்.

போன் வரவில்லை. ஒரு நாள் காலை பதினோரு மணி வாக்கில் அவரே வந்து நின்றார். கையில் மஞ்சப் பை. இவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாங்க சம்பந்தி என்று எழுந்து, புத்தகம் படிச்சீங்களா என்று முதல் கேள்வியே கேட்டார். படிச்சேனுங்கண்ணா, நல்லா எழுதியிருக்கீங்க என்றார். இவருக்கு முகமெல்லாம் பல். அந்தப் பல்லோடு மறுபடி பேப்பருக்குப் போய்விட்டார்.

சமையலறைக்கு என் பின்னாலேயே வந்தார் மாதம்மாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் பஸ் டிக்கெட்டைக் கிழித்து அடையாளம் வைத்திருந்தார். இந்த மாவட்டத்தில் அந்தப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்த ஒரே ஆள் அவர்தான் என்று அப்போது புரிந்தது. அவருக்கு அது இலக்கியம் இல்லை. அந்த ஊருக்குப் போகிறவர், வழி தெரிந்துகொள்ளப் படித்திருக்கிறார்.

ஒவ்வொரு டிக்கெட்டாக எடுத்துச் சந்தேகம் கேட்டார். பிளேனில் பெல்ட்டை யார் அவிழ்த்துவிடுவார்கள்? தானாக ஓடுகிற படியில் எந்தக் காலை முதலில் வைப்பது? எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. பின்வாசல் படியில் நிறுத்தி, கைப்பிடியைப் பிடி, இடது கால், பார்வை நேரே என்று ஏற்றி இறக்கினேன். அந்த மனுஷி சொன்னபடி செய்தார். அவருக்குப் பயமாக இருந்தது, அதைக் காட்டாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது எனக்கு.

திரும்ப உள்ளே வந்து, கடைசி டிக்கெட்டை எடுத்தார்.

"சம்மந்தி, தொண்ணூத்தாறாம் பக்கத்துக்கு அப்புறம் நூத்தியஞ்சு வருதுங்க."

அச்சகத்துக்காரன் விட்டிருப்பான் என்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கி மைக்கு செத்துது, ஃபேனு சுத்துச்சு. எம் பையனப் பத்தின பக்கம்தானுங்களே அது?"

முடிந்தது கதை என்று நினைத்தேன். மகள் வேலை போச்சு. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஹாலில் இருக்கிறவருக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"அவன் சமைக்கிறத அண்ணன் எழுதிட்டாருங்களா?"

எழுதியிருக்கிறார் என்றேன்.

"அய்யோ. அத மறைக்கத்தான் நான் இத்தன வருசமா பாடுபட்டேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். விடியலில் அவர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டால் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? பையன் எழுந்து, சோறு வடித்து, ஒரு ரசம் வைத்து, அம்மாவுக்கு மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவானாம். படிப்பு முடிந்து வேலைக்குப் போகிற வரைக்கும் அப்படித்தானாம். அப்பன் இல்லாத பையன், அதிலும் அடுப்பூதுகிற பையன் என்று தெரிந்தால் டீச்சர் வீட்டில் பெண் கொடுப்பார்களா என்று பயந்து, டம்ளரை நகர்த்த மாட்டான் என்று சொன்னாராம். பிரபுவிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். அங்கே போய்ப் பார்த்த எங்கள் கண்ணில் பட்டிருக்குமே, மாப்பிள்ளையை மட்டமாக நினைத்திருப்போமே என்றுதான் அத்தனை நாள் போன் பண்ணாமல் இருந்தாராம். போகவே கூச்சப்பட்டதும் அதனால்தானாம்.

நான் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ரெண்டு பொம்பளைகள், ஒரே விஷயத்தை, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் மூடி மூடி வைத்திருக்கிறோம். நடுவில் அந்தப் பிள்ளைகள் கரண்டியைக் கை மாற்றிக்கொண்டு அல்லாடியிருக்கின்றன.

எம் பொண்ணுக்கு டீ போடவே தெரியாதுங்க என்றேன்.

"அது எனக்குத் தெரியுமுங்க" என்றார். "கல்யாணமான மறுநாளே குடிச்சிப் பாத்தேன்."

பிறகு அவர், பிளேடு போட்ட அந்தத் தாள் இருக்குதுங்களா என்று கேட்டார். நான் அலமாரியைத் திறந்து துவரம் பருப்பு டப்பாவை நகர்த்தினேன். டப்பா வட்டம் அச்சுப் பதிந்து, ஓரத்தில் மஞ்சள் தூள் படிந்து, தாள் அங்கேயே இருந்தது. நாலையும் தட்டி வரிசைப்படுத்திக் கொடுத்தேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, எழுத்துக்கு எழுத்து விரலை வைத்துப் படித்தார். குழந்தைக்குத் துணி மாற்றுவது, பாத்திரம் துலக்குவது, தலை வாரிவிடுவது. எவருடைய வற்புறுத்தலும் இன்றி என்ற இடத்தில் விரல் நின்று, மறுபடி அதே வரிக்கு முதலிலிருந்து போனது. கடைசிப் பக்கத்துக்கு வந்தார். மேற்படி ரசத்தைத் தணிக்கை செய்ததில் குறை ஏதும் காணப்படவில்லை.

தாளை நாலாக மடித்து, பாஸ்போர்ட் வைத்திருந்த பைக்குள் செருகிக்கொண்டார்.

"உப்பு ஒரு கல்லு தூக்கலாப் போடுவானுங்க" என்றார். "சின்னதுலேர்ந்தே அப்படித்தான். நான் ஒரு நாளும் அவங்கிட்ட சொன்னதில்ல."